வைரஸுக்கு முன்னால் வீட்டைப் பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "எந்த ஆன்டி வைரஸ் போடலாம்?" என்பதுதான் அது. நல்ல கேள்வி. ஆனால் வைரஸ் வந்தால் பெரும்பாலும் விண்டோஸை மறுபடி நிறுவிச் சமாளித்துவிடலாம். இடி இறங்கினால் மதர்போர்டு போய்விடும். வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டால் கம்ப்யூட்டரைத் தொடுகிற ஆளுக்கே ஆபத்து. ஆகவே இந்தக் கட்டுரையில் சாஃப்ட்வேர் பற்றி எதுவும் பேசப்போவதில்லை. கம்ப்யூட்டர் குடியிருக்கும் வீட்டைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

கன்னியாகுமரி மாவட்டத்து வீடுகளை எடுத்துக்கொள்வோம். இங்கே ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கும். அது ஓய்ந்ததும் ஐப்பசி, கார்த்திகை மழை. நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்தது இந்த இரண்டு மழையையும் அணைத் தண்ணீரையும் நம்பித்தான். வயலுக்கு நல்லதாக இருப்பது கம்ப்யூட்டருக்கு நல்லதாக இருக்க வேண்டும் என்பதில்லையே! வடக்கே மலை ஈரம், தெற்கே கடல் உப்பு, ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகளைச் சுற்றவைக்கும் காற்றும் தூசியும். இத்தனையும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன. இங்கே தாக்குப்பிடிக்கும் கம்ப்யூட்டர் வேறு எங்கும் தாக்குப்பிடிக்கும்.

தொட்டால் சுரீர் என்கிறதா?

கேபினட்டின் பின்புறம் கை பட்டால் லேசாக ஷாக் அடிக்கிறது என்று பலர் சொல்வார்கள். கம்ப்யூட்டர் கடைக்காரரைத் திட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள். குறை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் இருக்காது, வீட்டில்தான் இருக்கும்.

கேபினட்டுக்குள் இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பவர் சப்ளையின் வாசலிலேயே மின் இரைச்சலை வடிகட்டும் சிறிய கப்பாசிட்டர்கள் இருக்கின்றன. அவை பேஸ், நியூட்ரல் இரண்டையும் உலோக உடலோடு இணைக்கின்றன. வடிகட்டிய மிகச் சிறிய கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. எர்த் இல்லை என்றால் அது போக இடமில்லாமல் கேபினட்டிலேயே நிற்கும். 230 வோல்ட்டில் ஏறக்குறைய பாதி அளவு உடலில் காட்டும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுரீர் என்பதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அது ஒரு எச்சரிக்கை. நாளைக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் வேறு பழுது வந்து பேஸ் நேராகக் கேபினட்டைத் தொட்டால், அதே இடத்தில் முழு 230 வோல்ட்டும் காத்திருக்கும்.

(உலோக உடல் கொண்ட சில லேப்டாப்களிலும் சார்ஜ் ஆகும்போது இந்தக் கூச்சம் தெரியும். சார்ஜர் இரண்டு பின் வகையாக இருந்தால் அது இயல்புதான். அதே கம்பெனியின் மூன்று பின் சார்ஜரை எர்த் உள்ள பாயிண்டில் செருகினால் நின்றுவிடும்.)

சிலர் மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிட்டு இரண்டு பின் பாயிண்டில் செருகுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதைவிட மோசமான இன்னொரு வேலையும் உண்டு. வீட்டில் எர்த் ஒயர் இல்லாததால் பாயிண்டுக்குள்ளேயே எர்த் முனையை நியூட்ரலோடு சேர்த்துக் கட்டிவிடுகிற வேலை. டெஸ்டரில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். ஆனால் எங்கேயாவது நியூட்ரல் அறுந்தால் அந்த நொடியிலேயே கம்ப்யூட்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் என்று அத்தனை உலோக உடலிலும் பேஸ் ஏறிவிடும். தென்னை மட்டையும் பலாக்கிளையும் மின்கம்பியின் மேல் விழுகிற ஊரில் நியூட்ரல் அறுவது அபூர்வமான சம்பவமா என்ன?

எர்த் நிஜமாகவே இருக்கிறதா?

பாயிண்டில் மூன்று ஓட்டை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று அர்த்தமில்லை. மல்டிமீட்டர் காட்டும் எண்ணையும் முழுதாக நம்ப முடியாது. பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தால், துருப்பிடித்துப் பாதி அறுந்த எர்த்திலும் 230 காட்டக்கூடும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அவ்வளவு குறைவு. நம்பகமானது பழைய டெஸ்ட் லாம்ப்தான். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வரவழைத்து, 100 வாட் குண்டு பல்பைப் பேஸ் - நியூட்ரலில் ஒரு முறையும் பேஸ் - எர்த்தில் ஒரு முறையும் எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரண்டிலும் ஒரே வெளிச்சம் இருக்க வேண்டும். இரண்டாவதில் மங்கினால் எர்த் பலவீனம். எரியவே இல்லை என்றால் எர்த்தே இல்லை. வீட்டில் ஆர்.சி.சி.பி. போட்டிருந்தால் இந்தச் சோதனையில் அது டிரிப் ஆகிவிடும். அப்படிப்பட்ட வீட்டில் எர்த் டெஸ்டர் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும். நீங்களாகச் செய்து பார்க்க வேண்டாம்.

எர்த் கெடுவது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, யாரும் எட்டிப்பார்க்காத மூலையில்தான். சுமார் இரண்டரை மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. குழாயைப் பூமியில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவது வழக்கம். உப்பு ஈரத்தைப் பிடித்துவைக்கும். அதே உப்புதான் குழாயையும் மெல்ல மெல்லத் தின்னும். குழாயின் தலையில் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அதற்கும் முன்னால் துருப்பிடித்து விழுந்துவிடும். போய்ப் பாருங்கள். ஒயரை லேசாக அசைத்தால் கையோடு வந்துவிடுகிற வீடுகள் எத்தனையோ!

மண்ணையும் கவனிக்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வயல்வெளியின் களிமண்ணில் எர்த் நன்றாக வேலை செய்யும். கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் செம்மண் மேடுகள் பங்குனி, சித்திரையில் காய்ந்து இறுகிவிடும். கடற்கரையில் மேல்மணல் உலர்ந்தே கிடக்கும். இந்த இடங்களில் குழாய் எப்போதும் ஈரம் இருக்கும் ஆழம் வரை போக வேண்டும், அல்லது கோடையில் வாரம் ஒரு முறையாவது எர்த் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். செடிக்கு ஊற்றும்போது இதற்கும் ஊற்றினால் போச்சு! பம்பு செட் குழாயில் எர்த்தைக் கட்டுவது அந்தக் காலத்து இரும்புக் குழாய்க்குச் சரி. இப்போது எல்லாம் பி.வி.சி. குழாய். பிளாஸ்டிக் வழியாகக் கரண்ட் எங்கே போகும்?

அடுத்து ஆர்.சி.சி.பி. மெயின் போர்டில் எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். எம்.சி.பி. காப்பாற்றுவது ஒயரை. 16 ஆம்பியர் எம்.சி.பி. அவ்வளவு கரண்ட் போகும் வரை பேசாமல் இருக்கும். மனிதனுக்கு அதில் நூற்றில் ஒரு பங்கே உயிருக்கு ஆபத்து. ஆர்.சி.சி.பி. பேஸில் போன கரண்ட் முழுதும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கணக்கு உதைத்தால், கண் இமைக்கும் நேரத்துக்குள் கரண்டைத் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். 100, 300 என்றும் வரும், அவை ஆளைக் காப்பதற்கானவை அல்ல. அதில் உள்ள டெஸ்ட் பட்டனை மாதம் ஒரு முறை அழுத்துங்கள். டிரிப் ஆகாவிட்டால் மாற்றிவிட வேண்டியதுதான். ஆனால் ஆர்.சி.சி.பி. இருப்பதால் எர்த் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். இரண்டும் வேண்டும்.

இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதுமா?

போதாது. மேகத்திலிருந்து கிலோமீட்டர் கணக்கில் காற்றைக் கிழித்துக்கொண்டு வருகிற மின்னலுக்கு, ஸ்விட்சுக்குள் இருக்கும் சில மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையே அல்ல. பிளக்கை உருவிவிட வேண்டும். ஐப்பசியிலும் சித்திரை, வைகாசியிலும் பிற்பகலில் மலைப்பக்கம் கருத்துக்கொண்டு வரும். அப்போதே உருவிவிடுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது போய்ப் பிளக்கில் கை வைப்பது கம்ப்யூட்டருக்காக உங்களைப் பணயம் வைப்பது. மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அதன்பின் ஒயரைத் தொட வேண்டாம். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்து மறுபடி செருகலாம்.

"ஸ்பைக் பஸ்டர் போட்டிருக்கிறேனே?" என்பீர்கள். அதற்குள் இருப்பது எம்.ஓ.வி. என்ற சிறிய வட்டு. அதிகப்படி வோல்டேஜ் வந்தால் அதைத் திசைதிருப்பிவிடும். எர்த் இல்லாத வீட்டில் அதனால் பாதி வேலைகூடச் செய்ய முடியாது. மேலும் ஒவ்வொரு அடி வாங்கும்போதும் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும். விளக்கு எரிகிறது என்பதற்காக எம்.ஓ.வி. உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது. பக்கத்தில் விழும் மின்னலை எந்த ஸ்பைக் பஸ்டரும் தாங்காது.

இன்டர்நெட் கனெக்ஷனையும் மறக்காதீர்கள். பைபர் கேபிள் கண்ணாடி இழை, அதில் மின்னல் வராது. உண்மை. ஆனால் வெளியிலிருந்து வரும் பல பைபர் கேபிள்களில் பலத்துக்காக ஓர் இரும்புக் கம்பி கூடவே ஓடும். அந்தக் கம்பி வீட்டுக்கு வெளியிலேயே முடிந்துவிட்டதா என்று பாருங்கள். மோடத்தின் அடாப்டர் கரண்டில்தான் இருக்கிறது. அதிலிருந்து லேன் கேபிள் நேராக மதர்போர்டுக்குப் போகிறது. பவர் பிளக்கை மட்டும் உருவிவிட்டு லேன் கேபிளை விட்டுவிட்டால், வாசலைப் பூட்டி ஜன்னலைத் திறந்துவைத்த கதைதான்.

ஈரம் சுவரிலா, காற்றிலா?

தக்கலை அருகே உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைப் பலரும் சுற்றுலாவாகப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டுக்குள் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பது. பெரும்பகுதி மரவேலை. அதன் சில பகுதிகள் நானூறு ஆண்டுகளாக இதே இரண்டு மழையையும் வாங்கிக்கொண்டு நிற்கின்றன. செங்குத்தாகச் சரியும் கூரை, சுவரில் சாரல் படாதபடி நீண்ட இறவானம், காற்று புகுந்து வெளியேற மர அழிகள். அடுத்த முறை போகும்போது இந்தக் கண்ணோடு பாருங்கள். நாம் இப்போது கட்டும் கான்கிரீட் வீட்டில் கூரை தட்டை, இறவானம் இல்லை, சன்ஷேடு ஒன்றரை அடி. பிறகு சுவர் பொரிகிறது என்று பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்கிறோம்.

கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அறையில் ஈரம் இருக்கிறதா, அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஓர் அடிச் சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம், நீர்த்துளி இருந்தால் சுவரே ஈரத்தைக் கக்குகிறது. அறையைப் பார்த்த பக்கம் துளி இருந்தால் சுவர் சரி, அறைக் காற்றில்தான் ஈரம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. முதலாவதற்கு வெளிப்பக்கம் வெடிப்பு, பாத்ரூம் குழாய், மொட்டைமாடி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். உட்பக்கம் விலையுயர்ந்த எமல்ஷன் பூசி மூடினால் ஈரம் உள்ளேயே நின்று, அடுத்த மழையில் பெயின்ட்டை அப்பளமாக உரித்துத் தள்ளும். இரண்டாவதற்குக் கொத்தனார் தேவையில்லை. ஜன்னலைத் திறந்தாலும், அறைக்குள் துணி காயப்போடுவதை நிறுத்தினாலும் போதும்.

மொட்டைமாடியை இடவப்பாதிக்கு முன்பே, வெயில் காலத்திலேயே பாருங்கள். ஒழுக்கு பலமுறை தொடங்குவது தளத்தின் வெடிப்பில் அல்ல, சருகு அடைத்த தண்ணீர்க் குழாய் வாயில். தண்ணீர் போக வழியில்லாமல் இரண்டு நாள் நின்றால் எந்தத் தளமும் குடிக்கும். அப்படிக் குடித்த தண்ணீர், தளத்துக்குள் புதைத்த ஒயரிங் பைப் வழியாக ஸ்விட்ச் போர்டுக்கு வந்து சேரும். போர்டிலிருந்தோ ஃபேன் கொக்கியிலிருந்தோ தண்ணீர் சொட்டினால் துணியால் துடைக்கப் போகாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள்.

ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு வேறு பிரச்சினை. உடைந்த ஓட்டை மாற்றிவிடலாம். ஆனால் நல்ல ஓட்டின் இடுக்கு வழியாகவும் காற்றோடு சாரல் தூவும். மேசைக்கு மேலே தட்டு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கம்ப்யூட்டரை அந்தப் பக்கத்திலிருந்து நகர்த்துவதே சுலபம். வேலை முடிந்ததும் சூடாக இருக்கும்போதே பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், உள்ளே வேர்க்கும். பழைய பருத்தி வேட்டித் துண்டு போதும். மழைக்காலத்தில் பயன்படுத்தாவிட்டாலும் வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் சூடே அதை உலர்த்திவிடும்.

உப்பு, தூசி, எறும்பு

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி போன்ற கடலோர ஊர்களில் பிளக் பின்னை உருவிப் பார்த்தால் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். தொடர்பு தளர்ந்து சூடாகி, பாயிண்ட் கருகத் தொடங்கும் இடம் அதுதான். தளர்ந்த பாயிண்டைத் தேய்த்துப் பயனில்லை, மாற்றிவிடுங்கள். திடீரென்று ஒருநாள் கம்ப்யூட்டர் ஆன் ஆகி, திரையில் ஒன்றும் வராமல் பீப், பீப் என்று கத்தினால் பயப்பட வேண்டாம். பவர் ஒயரை உருவிவிட்டு, கேபினட்டின் உலோகத்தை ஒருமுறை தொட்டுவிட்டு, ராமைக் கழற்றுங்கள். அதன் தங்க நிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு மாட்டுங்கள். பல சமயம் செலவில்லாமல் சரியாகிவிடும்.

மேசையைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். காற்றும் போகும், சிதல் ஏறினாலும் கண்ணில் படும். கேபினட்டின் பின்னால் காலியாக இருக்கும் ஸ்லாட்டுகளைத் தகட்டால் மூடுங்கள். எறும்புக்கும் பல்லிக்கும் வெதுவெதுப்பான எஸ்.எம்.பி.எஸ். மிகவும் பிடித்த இடம். செத்த பல்லி ஒன்று போதும், ஷார்ட் சர்க்யூட் ஆவதற்கு.

ஒக்கி போல ஒன்று வந்தால்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்த மாவட்டத்தை என்ன செய்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன.

அப்படிப்பட்ட நாட்களில் யு.பி.எஸ். உதவாது. சாதாரண யு.பி.எஸ். தருவது 10, 15 நிமிடம். ஃபைலைச் சேமித்து ஒழுங்காக அணைப்பதற்குத்தான் அது. நீண்ட மின்வெட்டில் சிலர் வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து, அதன் ஒயரை நேராக வீட்டுப் பாயிண்ட் ஒன்றில் செருகிவிடுகிறார்கள். அந்தக் கரண்ட் வீட்டு மீட்டரைத் தாண்டி வெளிக்கம்பிக்குப் போகும். கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் லைன்மேன் மேல் பாயும். நமக்கு வெளிச்சம் தருவதற்காக இரவு பகலாக உழைப்பவரை நாமே கொல்வது போல் ஆகிவிடும். சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது. அது இல்லாவிட்டால் தனி ஒயர் இழுத்துத் தேவையானதை மட்டும் ஓட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட் திரும்பும் நேரமும் ஆபத்தானது. புதிதாக இழுத்த லைனில் நியூட்ரல் சரியாகச் சேராவிட்டால் சில வீடுகளில் வோல்டேஜ் 300-ஐயும் தாண்டும். எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு ஒரே ஒரு பல்பை மட்டும் போட்டுவையுங்கள். அது கண்ணைப் பறிக்கும்படி எரியாமல், விட்டுவிட்டு மங்காமல் அரை மணி நேரம் நின்றால் மற்றவற்றை ஒவ்வொன்றாகச் செருகலாம்.

2021 நவம்பர் மழையில் இந்த மாவட்டத்தில் பல தெருக்களில் தண்ணீர் புகுந்தது. கேபினட்டைத் தரையில் வைக்காதீர்கள். கீழ்ப்பாயிண்டுகளை மூன்று அடிக்கு உயர்த்துங்கள். கம்ப்யூட்டர் நனைந்துவிட்டால் ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நனைந்த ஹார்டு டிஸ்க்கைக் காப்பாற்ற வாய்ப்பு உண்டு, நனைந்தபடி கரண்ட் கொடுத்த ஹார்டு டிஸ்க்கைக் காப்பாற்றுவது கடினம்.

மதர்போர்டு போனால் வேறு வாங்கலாம், கல்யாண போட்டோக்களை வாங்க முடியாது. முக்கியமான ஃபைல்களைப் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் ஒன்றில் பதிந்து, வேறு ஊரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்துவையுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை வாங்கி, திறக்கிறதா என்று பார்த்து, புதியதைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். திருநெல்வேலியில் சித்தப்பா வீடு இருந்தால் வசதிதான். ஆனால் 2023 டிசம்பரில் தாமிரபரணி பெருகி அங்கேயும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. மாடியில் குடியிருக்கும் சித்தப்பாவாகப் பார்த்துக் கொடுங்கள்.